வளரும் முதுகு

முதுகெலும்பு வளைந்த பெண் பிள்ளைகளை என்னிடம் அதிகம் அனுப்பிவைப்பவர்கள் தையல்காரர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து புதுச் சீருடைக்கு அளவு கொடுத்தபின் சிலர் வருவார்கள். தீபாவளித் துணி தைத்தபின் இன்னும் சிலர். "டெய்லர்தான் சொன்னாரு டாக்டர், வலது தோள் ஏறியிருக்கு, எப்படித் தச்சாலும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதுன்னு" என்பார் அம்மா. பெற்றவள் கண்ணில் படாதது வெளியாள் கண்ணில் பட்டுவிட்டதே என்ற குறுகல் அந்தக் குரலில் இருக்கும்.

அவர் குறுகவே வேண்டாம். நம் வீடுகளில் பெண் பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக வைப்பது அம்மாவோ பாட்டியோதான். ஒன்பது, பத்து வயதுவரை அந்த முதுகில் ஒரு கொசுக்கடி இருந்தாலும் அவர்களுக்குத் தெரியும். அதன்பின் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிக்கிறாள். சட்டை தொளதொளப்பாகிறது, துப்பட்டா வருகிறது. ஸ்கோலியோசிஸ் என்று நாங்கள் சொல்லும் பக்கவாட்டு வளைவு பெரும்பாலும் தலைகாட்டுவதும் அந்த வயதில்தான், 10க்கும் 15க்கும் நடுவே. காய்ச்சல் கிடையாது. பல பிள்ளைகளுக்கு வலியும் கிடையாது. தன் முதுகை அவளால் பார்க்க முடியாது, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். இந்தத் தொழிலில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: வளரும் வயதில் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பதே இந்த நோய்க்கு முதல் வைத்தியம். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

நூறு பிள்ளைகளைப் படம் எடுத்தால் இரண்டு மூன்று பேருக்கு 10 டிகிரிக்கு மேல் வளைவு இருக்கும். பெரும்பாலானவை அப்படியே நின்றுவிடும். ஆயுள் முழுக்க ஒரு தொந்தரவும் தராது. சின்ன வளைவு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் வருகிறது. ஆனால் 30 டிகிரியைத் தாண்டிப் போகிற வளைவுகளைப் பார்த்தால் பெண் பிள்ளைகள்தான் மிக அதிகம். ஏன் என்று இன்னும் யாரும் முழுமையாக விளக்கவில்லை.

பரிசோதனை அறையில் நான் முதலில் பேசுவது பிள்ளையிடம். அம்மா பக்கத்தில் இருப்பார், பெண் செவிலியர் இருப்பார், திரை இருக்கும். எதற்காக முதுகைப் பார்க்கப் போகிறேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளிடமே சொல்வேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முன்பின் தெரியாத டாக்டர் முன் முதுகைக் காட்டி நிற்பது சின்ன விஷயம் இல்லை. அந்தக் கூச்சத்தை மதிக்காத டாக்டரிடம் அவள் அடுத்த தடவை வரமாட்டாள். இந்த நோயில் அடுத்த தடவை வருவதுதான் முக்கியம்.

பின்னால் நின்று பார்த்தால் தோள்கள் சமமாக இருக்கின்றனவா, தோள்சப்பைகளில் ஒன்று துருத்தியிருக்கிறதா, தொங்கவிட்ட கைக்கும் இடுப்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றா என்று தெரியும். பிறகு பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு மெல்லக் குனியச் சொல்வேன். நிமிர்ந்து நின்றபோது ஒளிந்திருந்தது இப்போது வெளியே வரும். ஈரத் துணியைப் பிழியும்போது அது முறுக்கிக்கொள்கிற மாதிரி, வளைகிற முதுகெலும்பு தன் அச்சிலேயே திருகவும் செய்கிறது. திருகும்போது விலா எலும்புகளையும் இழுத்துப் போகிறது. அதனால் குனிந்த முதுகில் ஒரு பக்கம் மேடிடும். லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865இல் எழுதிவைத்த சோதனை இது. கிடியன் மாண்டெல் என்ற புகழ்பெற்ற நிலவியலாளர், இகுவானோடான் என்ற பழங்கால ராட்சத விலங்கின் பற்களை உலகுக்குச் சொன்னவர், பல வருடம் முதுகு வலியால் தவித்து 1852இல் இறந்தார். அவருடைய முதுகெலும்பை ஆராய்ந்ததில்தான் வளைவோடு திருகலும் சேர்ந்தே வருகிறது என்பது ஆடம்ஸுக்குப் பிடிபட்டது. இன்றும் இதைவிட எளிய சோதனை எங்களிடம் இல்லை. செலவும் கிடையாது.

வளைவைப் பார்த்ததும் 'காரணம் தெரியாத வகை' என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தோலைப் பார்க்க வேண்டும். பால்காப்பி நிறத்தில் ஆறோ அதற்கு மேலோ திட்டுகள் இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் என்ற மரபு நோயைத் தேட வேண்டும். இடுப்புக்கு மேலே நடுமுதுகில் மயிர்க்கற்றையோ குழியோ இருந்தால் உள்ளே தண்டுவடத்திலும் குறை இருக்கக்கூடும். தொப்புளைச் சுற்றி நான்கு பக்கமும் லேசாகக் கீறிப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் வயிற்றுத் தசை துடிக்காவிட்டால் எம்ஆர்ஐ எடுக்காமல் விடமாட்டேன். மார்புப் பகுதி வளைவு வழக்கமாக வலப்பக்கம் போகும். இடப்பக்கம் போயிருந்தாலும், இரவில் வலி எழுப்பிவிட்டாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

எக்ஸ்ரே நின்றபடி எடுக்க வேண்டும், கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே படமாக. படுக்கவைத்து எடுத்த படத்தைக் கொண்டுவருபவர்களைத் திரும்பவும் அனுப்ப வேண்டியிருக்கிறது, மனசு கேட்பதில்லை. படுத்தால் வளைவு குறைந்து தெரியும். அமெரிக்க மருத்துவர் ஜான் காப் 1948இல் சொன்ன முறையில்தான் இன்றும் கோணத்தை அளக்கிறோம்: வளைவின் இரு முனைகளிலும் அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்புகளின் விளிம்போடு கோடு இழுத்து, அவற்றுக்கு இடையே உள்ள கோணம். ஒரே படத்தை இருவர் அளந்தால் ஐந்து டிகிரி முன்னே பின்னே வரலாம். அதனால் போன தடவை 22, இந்தத் தடவை 25 என்றதும் அழத் தொடங்கும் அம்மாவிடம் அதை முதலில் சொல்லிவிடுவேன்.

கோணத்தைவிட முக்கியமான இன்னொரு கணக்கு உண்டு: இந்தப் பிள்ளை இன்னும் எவ்வளவு வளரப் போகிறாள்? வயதுக்கு வந்துவிட்டாளா, எப்போது என்று அம்மாவிடம் கேட்பேன். நம் ஊரில் அந்தத் தேதியை யாரும் மறப்பதில்லை. சடங்குப் பத்திரிகையே இருக்கும். பெண் பிள்ளை வேகமாக உயர்வது வயதுக்கு வருவதற்குச் சற்று முந்தைய மாதங்களில். அதன்பின் வேகம் குறைந்து சுமார் இரண்டு வருடத்தில் நின்றுவிடும். வளைவும் அந்த வேகத்தோடுதான் ஓடுகிறது. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பார்ப்போம். அங்கே தனியாக ஓர் எலும்புப் பட்டை தோன்றி, வெளிமுனையிலிருந்து உள்முனைவரை நீண்டு, கடைசியில் ஒட்டிக்கொள்ளும். ரிஸ்ஸர் என்ற மருத்துவர் வகுத்த படிகள் அவை. பட்டையே தோன்றாத பிள்ளையின் 25 டிகிரி எனக்குக் கவலை. பட்டை ஒட்டிவிட்ட பெண்ணின் 35 டிகிரி அவ்வளவு கவலை இல்லை.

இதைச் சொல்லி முடித்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "புத்தகப் பையாலயா டாக்டர்?" பையால் இல்லை. கோணலாக உட்கார்ந்து டிவி பார்த்ததால் இல்லை, பாயில் படுத்ததால் இல்லை, பால் குடிக்காததால் இல்லை. கனமான பையால் முதுகு வலிக்கலாம், அதற்காகப் பையைக் குறைப்பது நல்லதுதான். எலும்பு வளைந்து திருகுவது வேறு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பது தெரியும். ஆகவே தங்கையையும் கூட்டிவரச் சொல்வேன். "நிமிர்ந்து உக்காருன்னு எத்தனை தடவ சொன்னேன்" என்று அம்மா மகளைத் திட்டினால் அங்கேயே நிறுத்துவேன். அந்தப் பிள்ளை தன்னால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டு வெளியே போகக் கூடாது. ஓட்டக்காரர் உசைன் போல்ட்டுக்கும் இந்த வளைவு உண்டு என்று சொன்னால் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார்கள்.

25 டிகிரிக்குக் கீழே என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது. 25க்கு மேல், வளர்ச்சியும் மீதமிருந்தால் பிரேஸ். மக்கள் அதை 'பெல்ட்' என்பார்கள். அக்குளிலிருந்து இடுப்புவரை உடம்பைக் கவ்விப் பிடிக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு அது; நல்ல கைத்திறன் உள்ள ஆர்த்தோடிஸ்ட் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக அளவெடுத்துச் செய்ய வேண்டும். சரியான இடத்தில் அழுத்தமும் எதிர்ப்பக்கம் உடம்பு நகர இடமும் இல்லாவிட்டால் அது வெறும் தண்டனை. கடையில் வாங்கிவரும் துணி பெல்ட்டுகள் வளைவைத் தொடக்கூட மாட்டா.

பிரேஸ் உண்மையில் உதவுகிறதா என்ற சந்தேகம் எங்கள் துறையிலேயே நெடுநாள் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2013இல் வெளியானபோது அது தீர்ந்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை; போடாதவர்களில் 48 சதவீதம். கூட்டுக்குள் வெப்பத்தை உணரும் சிறு கருவி பொருத்தி, உண்மையில் எத்தனை மணி நேரம் அணிந்தார்கள் என்றும் அளந்தார்கள். நாளுக்கு ஏறக்குறைய 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானோர் தப்பித்தார்கள். இந்த ஒரு செய்திக்காக அந்த ஆய்வை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். பிள்ளையிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டதே: நீ போடுகிற ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் சேருகிறது.

ஆனால் அந்த ஆய்வு நடந்த ஊர்களில் நம் சித்திரை வெயில் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். ஏழாம் வகுப்பு, 32 டிகிரி. இரண்டு மாதம் கழித்து வந்தபோது முதுகெல்லாம் வேர்க்குரு, இடுப்பில் தோல் உரசிப் புண். "போட்டுக்கிட்டுதான் இருக்கா" என்றார் அம்மா. பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, செவிலியர் அருகே நிற்க, அவளிடம் கேட்டேன். பள்ளியில் 'கூனி' என்று கூப்பிடுகிறார்கள் என்றாள். வகுப்பில் கீழே விழுந்த பேனாவை எடுக்க முடியவில்லை, பெஞ்சில் கூடு தட்டி ஓசை வருகிறது, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது அம்மாவே கழற்றி வைத்துவிடச் சொல்கிறார், நாளைக்குப் பேச்சாகிவிடும் என்று.

பள்ளி நேரத்தை விட்டுவிடலாம் என்று அவளும் நானும் பேசி முடிவு செய்தோம். நான்கு மணிக்கு வீடு திரும்பியதும் போட்டால் காலை ஏழு மணிவரை 15 மணி நேரம். உள்ளே தையல் இல்லாத பருத்தி பனியன், நாளுக்கு இரண்டு மூன்று மாற்ற. பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம், தோல் ஊறிப்போகும். இரவில் மின்விசிறிக்கு நேர் கீழே அவள் பாய். அப்பா இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். வளர்ச்சி நின்று பிரேஸைக் கழற்றிய அன்று அவள் வளைவு 35. குறையவில்லை. குறைக்க வேண்டும் என்று நாங்கள் போடுவதும் இல்லை. ஏறாமல் பிடித்து நிறுத்தத்தான் போடுகிறோம். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பெற்றோர் ஏமாந்ததாக நினைப்பார்கள்.

அந்த வயது தாண்டி, 50 டிகிரிக்கு மேல் ஏறியபின் வருகிறவர்கள்தான் எனக்கு வருத்தம் தருகிறார்கள். நீவுவதற்கும் தைலத்துக்கும், 'பெரியவளானா தானா நிமிர்ந்துரும்' என்பதற்கும் மூன்று வருடம் போயிருக்கும். சிலர் தெரிந்தே மறைத்திருப்பார்கள். அறுவை என்றதும் வரும் கேள்வி: "முதுகுல தழும்பு இருந்தா நாளைக்கு யாரு கட்டுவா?" பெற்றோரின் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் 50ஐத் தாண்டிய மார்பு வளைவு, உடம்பு வளர்ச்சி நின்றபின்னும் வருடத்துக்கு ஒரு டிகிரி அளவில் ஏறிக்கொண்டே போகக்கூடும் என்பதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், பாலும் கொடுப்பாள். ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்கெல்லாம் தடையில்லை.

அடுத்த பயம் கால். "முதுகுல கத்தி வச்சா கால் விழுந்துரும்" என்பதைக் கேட்காத நாள் கிடையாது. பதின்வயது ஸ்கோலியோசிஸ் அறுவையில் நரம்புப் பாதிப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் அந்த ஒன்றும் ஒரு பிள்ளைதான் என்பதை மறந்து யாரும் இந்த வேலையைச் செய்ய முடியாது. நான் பயிற்சி பெற்ற காலத்தில், கம்பி பொருத்தி வளைவை நிமிர்த்தியதும் மயக்க மருந்தை இளக்கி, முதுகு திறந்தபடியே பிள்ளையைப் பாதி விழிக்க வைப்பார்கள். பிரான்சில் ஸ்டன்யாரா குழுவினர் 1973இல் எழுதிய முறை. முந்தின நாள் மாலையே கட்டிலருகே போய் ஒத்திகை பார்ப்போம்: நான் கூப்பிடுவேன், முதலில் கையை இறுக்கு, பிறகு காலை ஆட்டு. மறுநாள் அறையில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மயக்க மருத்துவர் குனிந்து, "கண்ணு, காலை ஆட்டும்மா" என்பார். போர்வைக்குக் கீழே பெருவிரல் அசைந்ததும்தான் எங்களுக்கு மூச்சு வரும். இப்போது தண்டுவடத்தின் சமிக்ஞைகளை மின்கருவி நொடிக்கு நொடி திரையில் காட்டுகிறது. தண்டுவடம் திணறினால் உடனே தெரிகிறது, நிமிர்த்தியதைத் தளர்த்திவிடலாம். அந்தக் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இல்லாத இடத்தில் பெரிய வளைவைத் தொடக்கூடாது என்பது என் தீர்மானமான கருத்து.

கம்பிகளின் கதை போலியோவிலிருந்து தொடங்குகிறது. ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர் போலியோவால் தசை தளர்ந்து முதுகு சரிந்த குழந்தைகளுக்காகவே தம் கம்பியை உருவாக்கி 1962இல் வெளியிட்டார். நம் ஊர் எலும்பு வார்டுகளிலும் ஒரு காலத்தில் போலியோ முதுகுகள் நிறைய. இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸ் தாக்கிய கடைசி நோயாளி 2011 ஜனவரியில். 2014இல் நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. ஒரு முழு நோய்க்கூட்டமே எங்கள் வார்டிலிருந்து காணாமல் போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். சொட்டு மருந்து கொடுத்த ஒவ்வொரு கிராமச் செவிலியருக்கும் அதில் பங்கு உண்டு.

கைக்குழந்தைகள் வேறு உலகம். கருவில் முதல் சில வாரங்களிலேயே முள்ளெலும்புகள் உருவாகிவிடுகின்றன. ஒன்று பாதியாக நின்றுபோனால் பிறவி வளைவு. இதயமும் சிறுநீரகமும் உருவாவது கிட்டத்தட்ட அதே சமயத்தில் என்பதால் அவற்றையும் ஸ்கேன் செய்யாமல் முதுகைத் தொடுவதில்லை. எலும்பில் குறையில்லாமல் ஒரு வயதுக்குள்ளேயே வளையும் வகையும் உண்டு. அதற்கு வழிகாட்டியவர் லண்டனில் பணிபுரிந்த மின் மேத்தா என்ற பெண் மருத்துவர். மாவுக்கட்டை மயக்கத்தில் போட்டு, சில மாதத்துக்கொருமுறை மாற்றி, குழந்தையின் அசுர வளர்ச்சியையே மருந்தாக்கினார். 136 குழந்தைகளைப் பற்றி 2005இல் அவர் எழுதிய கட்டுரையில், ஒன்றரை வயதையொட்டிச் சிகிச்சை தொடங்கிய 94 பேருக்கு முதுகு நேராகிவிட்டது. இரண்டரை வயதையொட்டித் தொடங்கிய 42 பேருக்கு வளைவு குறைந்தது, நேராகவில்லை. இடையில் ஒரு வருடம்தான் வித்தியாசம். "குழந்தை கொஞ்சம் வளரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதற்கு இதுதான் காரணம்.

இதுவரை சொன்னது பக்கவாட்டு வளைவு. முன்பக்கமாக ஒடிந்து விழும் கூனில் நம் மண்ணுக்கென்று ஒரு பெரிய பங்கு இருக்கிறது. முதுகெலும்புக் காசநோய். விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மூலையில் உட்காரத் தொடங்கும். இரவில் தூக்கத்தில் வீறிட்டு அழும். கீழே கிடக்கும் பென்சிலை எடுக்கச் சொன்னால் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கும். "ஊஞ்சல்ல இருந்து விழுந்தான்" என்று வீட்டில் ஒரு காரணம் தயாராக இருக்கும். நடுமுதுகில் எலும்பு முடிச்சாகத் துருத்தியபிறகு கொண்டுவருவார்கள். மதுரைப் பக்கத்துத் தாத்தா ஒருவர், சம்பந்தர் அருளால் கூன் பாண்டியன் நிமிர்ந்து நின்றசீர் நெடுமாறனான கதையைச் சொல்லி, பேரன் நெற்றியில் திருநீறு பூசியபடி அமர்ந்திருந்தார். அவர் நம்பிக்கை பேரனுக்குத் தெம்பு. மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். அவரே கடைசிவரை பொறுப்பாகக் கொடுத்து முடித்தார்.

மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம், நோயும் குணமாகும். பெரியவர்களுக்குக் கதை பெரும்பாலும் அங்கே முடியும். குழந்தைக்கு முடியாது. அரிக்கப்பட்ட எலும்பின் முன்பக்கம் வளராது, பின்பக்கம் வளரும். கிருமி செத்த பின்னும் கூன் ஏறலாம். இதை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன். மருந்து மட்டும் பெற்றுக் குணமான 61 குழந்தைகளைச் சராசரியாக 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001இல் அவர் வெளியிட்ட ஆய்வில், 39 சதவீதம் பேருக்கு வளரும் வயதில் கூன் அதிகரித்தது, 44 சதவீதம் பேருக்குத் தானாகக் குறைந்தது, மற்றவர்களுக்கு மாறவில்லை. யாருக்கு ஏறும் என்பதை முன்கூட்டியே காட்டும் நான்கு அடையாளங்களையும் எக்ஸ்ரேயில் குறித்துக் கொடுத்தார்: பின்மூட்டு விலகுவது, எலும்பு பின்னோக்கித் தள்ளப்படுவது, பக்கவாட்டில் நகர்வது, மேல் எலும்பு கீழ் எலும்பின்மீது கவிழ்வது. இரண்டுக்கு மேல் இருந்தால் கூன் பெரிதாகும் ஆபத்து அதிகம், முன்னதாகவே அறுவை செய்து நிறுத்தலாம். முற்றிய கூனை நிமிர்த்துவதோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு பாதுகாப்பானது.

பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளின் முதுகையும் பார்க்க வேண்டுமா என்பதில் உலகில் ஒருமித்த கருத்து இல்லை. ஜப்பான் 1970களின் கடைசியிலேயே அதைச் சட்டமாக்கியது. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2004இல் வேண்டாம் என்றது. 2018இல் முடிவெடுக்கச் சான்று போதவில்லை என்று மாற்றிக்கொண்டது. தேவையில்லாத எக்ஸ்ரேக்களும் பீதியும் பெருகும் என்ற அவர்கள் அச்சம் நியாயமானதுதான். குடும்ப மருத்துவர் வருடாவருடம் பார்க்கிற நாட்டுக்கு அந்த வாதம் பொருந்தலாம். முதல் சந்தேகம் தையல் கடையில் எழுகிற நம் ஊருக்கு அது பொருந்தாது என்பேன்.

உடற்கல்வி ஆசிரியர்களே, ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைக் குனியச் சொல்லிப் பாருங்கள்; பெண் பிள்ளைகளை ஆசிரியை பார்க்கட்டும், தனி அறையில், மெல்லிய பனியனோடு. அம்மாக்களே, தீபாவளிக் குளியலுக்கு மகள் முதுகில் எண்ணெய் வைக்கும்போது ஒரு நிமிடம் குனியச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் நின்றபடி ஒரு முழுப் படம் எடுத்து, கோணம் எத்தனை டிகிரி என்று டாக்டரிடம் கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். முதுகெலும்புக் காசநோய் குணமான குழந்தையை, மாத்திரை முடிந்தபின்னும் வளர்ச்சி நிற்கும்வரை வருடம் ஒருமுறை காட்டுங்கள். பழைய எக்ஸ்ரேயை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதோடு ஒப்பிட்டால்தான் வளைவு நகர்ந்ததா, நின்றதா என்று எங்களால் சொல்ல முடியும்.